கருமேகத்தின் ஷிஃப்ட்

அந்த மருத்துவமனையில் அவளுக்குக் கருமேகம் என்று பெயர். அப்படிக் கூப்பிட்டவர்கள் எல்லாரும் படித்தவர்கள். இதயம் எந்த விதிப்படி துடிக்கிறது என்று தேர்வில் பக்கம் பக்கமாக எழுதிப் பதக்கம் வாங்கியவர்கள். அவர்கள்தான் ஒரு பெண் பணிக்கு வந்தால் ஊரில் விபத்து கூடும் என்று நம்பினார்கள். நம்பியதோடு நிற்காமல் அந்த நம்பிக்கையை வைத்தே யாருக்கு எந்த ஷிஃப்ட் என்றும் முடிவுசெய்தார்கள்.

அவளுக்கு அந்தத் துறைக்கு வந்தே ஆக வேண்டிய நிர்பந்தம் எதுவும் இல்லை. மருத்துவப் படிப்பு முடிந்து மேற்படிப்புக்குத் துறை தேர்ந்தெடுக்கும் நேரத்தில் அவள் வாங்கியிருந்த மதிப்பெண்ணுக்கு எது கேட்டாலும் கிடைத்திருக்கும். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்த அண்ணன் அவளுக்குத் தோல் சிகிச்சைதான் என்று தானே தீர்மானித்து, தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லியும் வைத்திருந்தான்.

"தோல் டாக்டர்னா ஞாயித்துக்கிழமை வீட்ல இருக்கலாம். முகப்பரு வந்து எவனும் சாகப்போறதில்ல. உனக்கு எதுக்கு இந்த எமர்ஜென்சி, தெருச்சண்டை மாதிரி?"

"முகப்பரு வந்தவன் சாக மாட்டான், சரி. சாகப்போறவன் எங்கண்ணா போவான்?"

"அவன் எங்கயோ போறான். அவன்கூட நீ ஏன் போறே?"

தட்டு கழுவிக்கொண்டிருந்த அம்மா திரும்பாமலே சொன்னாள்: "விடுடா அவளை. சின்னதுல சோறு ஊட்ட வாயைத் திறக்க வைக்க முடியாது. இப்ப மூட வைக்க முடியல."

அண்ணனிடம் சொல்லாத காரணம் ஒன்று அவளிடம் இருந்தது. பயிற்சி மருத்துவராக இருந்தபோது ஒரு கொத்தனாரை வயிற்றுவலியோடு கொண்டுவந்தார்கள். பொதுமருத்துவப் பிரிவு, இது அறுவைக்காரர்கள் கேஸ் என்றது. அறுவைப் பிரிவு, வயிறு இறுகாமல் மெத்தென்றுதான் இருக்கிறது, அங்கேயே கொண்டுபோங்கள் என்றது. இரண்டு வார்டுகளுக்கும் நடுவில் இருந்த நடைபாதையில் அவருடைய தள்ளுவண்டி நின்றது. இந்தக் கதவுக்கும் அந்தக் கதவுக்கும் சேதி சுமப்பது இவள் வேலை. ஒவ்வொரு தடவை கடக்கும்போதும் அவர் தலையைத் தூக்கிப் பார்ப்பார். கடைசியாக ஒருமுறை, "டாக்டரம்மா, நான் யாரோட கேஸ்னு முடிவாயிடுச்சா?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொண்டால் நல்லது என்ற மாதிரி கேட்டார். மறுநாள் இறந்துபோனார். இரண்டு துறைகளும் கூடிப் பேசி, எவர் மீதும் தவறில்லை என்று ஒருமனதாக முடிவெடுத்தன. அவர் உயிரோடிருந்தவரை அந்த ஒற்றுமை அவர்களுக்கு வரவில்லை.

'எங்க கேஸ் இல்லை' என்று சொல்லவே முடியாத துறை ஒன்று இருந்தால் அதில்தான் சேருவேன் என்று அவள் அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

ஊரையும் அவள் அப்படித்தான் தேர்ந்தெடுத்தாள். துறைமுகம், கப்பல் பட்டறை, இரும்பு உருக்கும் ஆலை, ஊர் நடுவே கிழித்துக்கொண்டு போகும் நெடுஞ்சாலை. மனிதனுக்கு அடிபடுவதற்கென்றே கட்டியதுபோன்ற ஊர். அங்கிருந்த பெரிய மருத்துவமனையின் வாசலில், 'இங்கு வந்தவர் எவரும் திருப்பி அனுப்பப்படுவதில்லை' என்று ஓர் ஆள் உயர எழுத்தில் எழுதியிருந்தது. அவள் அதைப் பார்த்தாள், நம்பினாள். நேர்காணலில் ஏன் இங்கே வந்தாய் என்று கேட்டபோது அந்தப் பலகையைத்தான் சொன்னாள். அவளோடு சேர்ந்தவர்களில் ஒருவன் கடற்கரைக்காக வந்திருந்தான். இன்னொருத்தியின் கணவனுக்கு அந்த ஊரில் வேலை. மூன்றாமவனுக்கு வேறெங்கும் இடம் கிடைக்கவில்லை. ஆனால் மூவருமே, சேவை செய்ய வந்தோம் என்று நேர்காணலில் கண்கலங்கச் சொல்லியிருந்தார்கள்.

டயர் கடை மாடியில் ஓர் அறை பிடித்தாள். காற்றடிக்கும் இயந்திரம் உறுமும்போதெல்லாம் மேசைமேல் தண்ணீர்க் குவளை தானாக நகரும்.

அவசர சிகிச்சைப் பிரிவின் நுழைவில் ஒரு மேசை. அதன்மேல் ஒரு தொலைபேசி. ஆம்புலன்ஸ்காரர்கள் நோயாளியை ஏற்றியதும் அதில் கூப்பிட்டு, கொண்டுவரலாமா என்று கேட்பார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் புகையும் தூசியும் முகத்தில் அடிக்கும் என்பதால் அந்த நாற்காலியில் சீனியர்கள் உட்கார மாட்டார்கள். புதிதாகச் சேர்ந்த இவளை உட்காரவைத்தார்கள். தொலைபேசி அடித்தால் இவள் எடுத்து, என்ன ஆயிற்று, மூச்சு இருக்கிறதா, எவ்வளவு நேரத்தில் வருவீர்கள் என்று கேட்பாள். பிறகு, "கொண்டு வாங்க" என்பாள். வேறு பதில் உண்டு என்பதே அவளுக்குத் தெரியாது.

ஆகவே அவள் பணியில் இருந்தால் பிரிவு நிரம்பும். சுவரோரம் தள்ளுவண்டிகள் வரிசை கட்டும், ஊசிமருந்து தீரும், சீனியர்கள் சாப்பிடப் போக முடியாது. அவள் இல்லாத நாளில் அதே பிரிவு வெயில் நேரத்துக் கோயில் குளம் மாதிரி கிடக்கும். இரண்டே மாதத்தில் பெயர் வந்துவிட்டது. முதலில் வைத்தவர் அங்கே சீனியர் மருத்துவர்களில் ஒருவர். தொலைபேசியில் பேசினால் எதிர்முனையில் இருப்பவர் கோபத்தை மறந்துவிடும் அளவுக்குக் குழைவான குரல் அவருக்கு. அதனால் அவருக்குத் தேன்குரல் என்று பெயர்.

"இன்னைக்கு யாரு டியூட்டி? கருமேகமா? அப்ப நான் வயித்துவலின்னு லீவு போட்டுடறேன், சிஸ்டர்" என்பார்.

"நீங்க வயித்துவலின்னு இங்கயே வந்து படுத்தா அதுவும் அவ கேஸ்தான் டாக்டர்" என்பார் அங்கே நீண்டநாள் இருந்த பெரிய சிஸ்டர்.

எல்லாரும் சிரிப்பார்கள். இவளும் சிரித்தாள், முதலில். பிறகு அவளோடு பணி போட்டால் மாற்றித் தரச் சொல்லி ஆள் ஆளுக்குக் கேட்டார்கள். அவள் உள்ளே நுழைந்தால் ஒருத்தர், இரும்பு பட்டால் பீடை அண்டாது என்று, சட்டைப்பையில் இருக்கும் சாவிக்கொத்தைத் தொட்டுக்கொள்வார். 'இன்னைக்கு அமைதியா இருக்கு' என்ற வாக்கியத்தை அந்தப் பிரிவில் யாரும் உச்சரிக்கக் கூடாது, உச்சரித்தால் கூட்டம் வந்துவிடும் என்பது அங்கே எழுதாத சட்டம். நுண்ணோக்கியில் கிருமியைக் கண்ணால் பார்த்தவர்கள் ஒரு சொல்லுக்குப் பயந்து வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

இந்த மாதிரி பேச்சு ஒரு மனுஷியை என்ன செய்யும் என்பதை யாரும் யோசிப்பதில்லை. விடுப்பு நாளில் அறையில் இருக்கும்போது ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால், நல்லவேளை, நான் அங்கே இல்லை, அவன் பிழைத்துக்கொள்வான் என்று அவளுக்கே தோன்ற ஆரம்பித்தது. அறிவுள்ளவளை அப்படி நினைக்கவைக்க ஆறு மாதக் கேலி போதுமாக இருந்தது.

ஆண்டுக்கு ஒருமுறை, மேற்படிப்புக்குத் துறையும் ஊரும் தேடும் புது மருத்துவர்கள் அந்தப் பிரிவைச் சுற்றிப்பார்க்க வருவார்கள். அதற்குச் சில வாரங்கள் முன்னால் துறைத்தலைவர் அவளைக் கூப்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை என்று எல்லாரும் சொல்வார்கள். நல்லவர் என்று எவரும் சொன்னதில்லை.

"அந்த வாரம் நீ லீவு எடுத்துக்கோம்மா."

"எதுக்கு சார்? நான் கேக்கலையே."

"வர்றவங்க பயந்துடக் கூடாதுல்ல. நீ இருந்தா என்ன ஆகும்னு உனக்கே தெரியும்."

"என்ன ஆகும் சார்?"

"இதெல்லாம் விளக்கிச் சொல்ல முடியாது. அனுபவம்."

அவள் விடுப்பு எடுக்கவில்லை. தேன்குரல் ஒரு யோசனை சொன்னார். அவள் உட்காரும் இடம் சரியில்லை, கதவைப் பார்த்து உட்காருவதால்தான் எல்லாம் உள்ளே வருகிறது, பின்னால் தையல் போடும் அறைக்கு மாற்றிப் பார்க்கலாம் என்றார். ஒரு மருத்துவமனையில், பட்டம் பெற்ற ஏழெட்டுப் பேர், ஒரு நாற்காலியின் திசையைப் பற்றித் தீவிரமாக ஆலோசித்தார்கள். மாற்றவும் செய்தார்கள். அவள் தையல் அறைக்குப் போனாள். தேன்குரல் மூக்கில் முகமூடி கட்டிக்கொண்டு வாசல் மேசைக்கு வந்தார்.

அந்த வாரமே கூட்டம் வடிந்தது. படுக்கைகள் விரித்த போர்வையோடு காலியாகக் கிடந்தன.

"நான் சொன்னேன்ல? இடம் மாறினதும் எல்லாம் மாறிடுச்சு" என்றார் தேன்குரல், தானே ஏதோ மருந்து கண்டுபிடித்தவர்போல.

அவளுக்கும் அப்பாடா என்றிருந்தது. நிம்மதியாகச் சாப்பிட்டாள். கிழிந்த விரல்களுக்குத் தையல் போட்டபடி, அப்படியானால் என்னால்தானா இத்தனை நாளும் என்று நினைத்துக் கூசினாள். கூச்சத்தோடு கூடவே, மாறியது நாற்காலி மட்டும்தானா என்ற கேள்வியும் வந்தது. நூல் எடுக்க முன்னறைக்குப் போன ஒரு முற்பகலில் அதற்குப் பதில் கிடைத்தது. தொலைபேசி அடித்தது. தேன்குரல் எடுத்தார்.

"ரொம்ப மன்னிக்கணும்ங்க, ஒரு பெட்கூட இல்ல. பாலம் தாண்டி அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. பத்திரமா போங்க."

அவருக்குப் பின்னால் மூன்று படுக்கைகள் காலி.

"என்ன கேஸ் டாக்டர் அது?"

"ஏதோ மூச்சுத்திணறல். ஏன்?"

"பெட் இருக்கே."

"இருக்கு. சாயங்காலமும் இருக்கணும்." அவர் முகமூடியை இறக்கிவிட்டு அவளைப் பார்த்தார். "நீ இத்தனை மாசமா எல்லாருக்கும் வாங்க வாங்கன்னா சொல்லிட்டிருந்தே?"

வாசல் பலகை பொய் சொல்லவில்லை. வந்தவரை அவர்கள் திருப்பி அனுப்பவில்லைதான். வராமல் பார்த்துக்கொண்டார்கள். அது அங்கே எல்லாருக்கும் தெரிந்த பழக்கம். இவளுக்கு மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை, ஏனென்றால் சொல்லித்தர வேண்டிய விஷயமாக அது யாருக்கும் தோன்றவில்லை. அவள் உடனே துறைத்தலைவரிடம் போனாள். அவர் பேனாவைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"போன் இனிமே சீனியர்தான் எடுப்பாங்க. நீ அதைத் தொட்டா உன்னை எமர்ஜென்சில வெச்சிருக்க மாட்டேன். ரத்த வங்கிக்கு மாத்திடுவேன். மூணு வருஷமும் அங்க பாட்டில் எண்ணிட்டிருக்கலாம். புரியுதா?"

அவளுக்குப் புரிந்தது. தொட்டால் தான் தேடி வந்த வேலை போய்விடும். தொடாவிட்டால் அந்த வேலை இருக்கும், அதற்கு அர்த்தம் இருக்காது.

புது மருத்துவர்கள் வந்த அன்று பிரிவு கல்யாண வீட்டுக்கு வெள்ளையடித்ததுபோல் இருந்தது. ஆறு பேர் வந்திருந்தார்கள். துறைத்தலைவர் முன்னால் நடந்தபடி ஊரின் பெருமையை எடுத்துவிட்டார். கடற்காற்று, வாடகைக்கு நல்ல வீடுகள், இங்கே வேலை செய்பவர்கள் எல்லாரும் ஒரே குடும்பம். 'குடும்பம்' என்ற சொல் வந்தபோது பெரிய சிஸ்டருக்கு இருமல் வந்தது. தையல் அறை வாசலில் நின்று இவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வந்தவர்களில் ஒரு நெட்டைப் பெண் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "சார், இவ்ளோ பெரிய ஊர்ல எமர்ஜென்சி இவ்ளோ அமைதியா இருக்கே?"

சாவிக்கொத்துக்காரர் சட்டைப்பையைப் பிடித்துக்கொண்டார். ஒரு செவிலியர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அது திட்டமிடல்மா" என்றார் துறைத்தலைவர். "எல்லாம் திட்டமிடல்."

தொலைபேசி அடித்தது. தேன்குரல் எடுத்து, விருந்தாளிகள் எதிரில் குரலை இன்னும் குழைத்தார். "ரொம்ப மன்னிக்கணும்ங்க..."

எதிர்முனை கத்தியது எல்லாருக்கும் கேட்டது. பட்டறை வெல்டர், ஷாக் அடிச்சிருக்கு, நாடி தாறுமாறா ஓடுது, பாலத்துல டிராபிக், அவ்ளோ தூரம் தாங்க மாட்டாரு சார்.

"எங்க நிலைமையும் புரிஞ்சுக்கணும்..." என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இவள் வந்து அவர் கையிலிருந்து வாங்கினாள். வாங்கினாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. பிடுங்கினாள்.

"எங்க இருக்கீங்க?"

"உங்க கேட்டுக்கு எதிர் சிக்னல்ல மேடம்."

"அப்ப ஏன்யா போன் பண்ணிட்டிருக்கே? உள்ள வா!"

"கேக்காம வந்தா திட்றாங்க மேடம்."

வண்டி உள்ளே வந்து கதவு திறந்தபோதே அந்த வெல்டரின் நாடி நின்றுவிட்டது. உள்ளங்கையில் கருகிய வட்டம், புகைந்துபோன சட்டை. இவள் நெஞ்சை அழுத்தத் தொடங்கினாள். மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவியைச் சிஸ்டர் உருட்டிக்கொண்டு வந்தார். தேன்குரல், அது வேறு விஷயம், கேஸ் கண்முன்னால் வந்துவிட்டால் கைதேர்ந்தவர். எவரும் கேட்காமலே தலைமாட்டுக்குப் போய் மூச்சுக்குழாயைப் போட்டார். நோயாளியைப் பார்த்தபின் அவர் ஒருநாளும் மறுத்ததில்லை. குரலாக இருக்கும்வரைதான் மறுப்பார்.

"நெட்டை! ஆமா, உன்னைத்தான். டாக்டர்தானே? கை மாத்து, எனக்கு வலிக்குது, நீ அழுத்து."

அந்தப் பெண் பையைக் கீழே போட்டுவிட்டு வந்தாள். இரண்டாவது அதிர்ச்சியில் நாடி வந்தது. துறைத்தலைவர் மற்ற ஐவரையும் தேநீர் அறைக்கு ஓட்டிக்கொண்டு போயிருந்தார்.

மறுநாள் காலை எல்லாரையும் தன் அறையில் கூட்டினார். மேசைக்கு எதிரே இவளை நிற்கவைத்தார்.

"அந்த ஆறு பேர்ல எத்தனை பேர் இனி இங்க வருவாங்க? ஊர் மானமே போச்சு. உன் ஜாதகம் அப்படி, சரி, வெச்சுப்போம். அதை ஏன் அடுத்தவங்க தலையில கொட்டறே?"

"அந்த ஆள் பிழைச்சுட்டாரு சார்."

"அது பேச்சு இல்ல."

"எனக்கு அதுதான் சார் பேச்சு. சரி, ஜாதகம்னு சொன்னீங்கல்ல, ஒரு சோதனை வெச்சுடலாம். ஒரு மாசம் நான் போன்ல உக்காந்து, வர்ற எல்லாத்துக்கும் பெட் இல்லன்னு சொல்றேன். அடுத்த மாசம்," அவள் தேன்குரலைக் காட்டினாள், "இவர் உக்காந்து, வர்ற எல்லாத்துக்கும் வாங்கன்னு சொல்லட்டும். மேகம் யாரு தலைக்கு மேல நிக்குதுன்னு பாத்துடலாம். என் தலையிலதான்னா நானே ரத்த வங்கிக்குப் போறேன்."

ஒருத்தரும் ஒப்புக்கொள்ளவில்லை. உண்மையாகவே நம்பியவர்களாக இருந்தால், வை சோதனையை என்று துள்ளியிருப்பார்கள். விடை அந்த அறையில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. சாவிக்கொத்துக்காரர் தரையைப் பார்த்தார்.

தேன்குரலின் குரலில் அன்று தேன் இல்லை. "நீ பெரிய தியாகி மாதிரி பேசாதே. நாங்க எத்தனை பேர் இருக்கோம் இங்க? தூங்காத கை தப்பு பண்ணும். ரெண்டு வருஷம் முன்னாடி நான் மருந்து மாத்திப் போட்டேன், தெரியுமா உனக்கு? அன்னைலேர்ந்துதான் பெட் இல்லன்னு சொல்லக் கத்துக்கிட்டேன்."

"தெரியாது டாக்டர். ஆனா அதை வெளிய சொல்லுங்க. ஆள் பத்தலைன்னு மேல எழுதுங்க, கத்துங்க, நானும் கூட வந்து கத்தறேன். அதை விட்டுட்டு என் தலையில ஏன் மேகத்தைக் கட்டறீங்க?"

அதுதான் விஷயம். ஆள் போதவில்லை என்றால் யாராவது ஆள் போட வேண்டும், யாராவது பதில் சொல்ல வேண்டும். ஒரு பெண்ணின் ராசி சரியில்லை என்றால் எவரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. மூடநம்பிக்கை அறியாமையால் மட்டும் பிழைத்திருப்பதில்லை. நிர்வாகத்துக்கு அது வசதியாக இருக்கிறது, அதனாலும் பிழைத்திருக்கிறது.

பெரிய சிஸ்டர் தொண்டையைச் செருமினார். "சார், இவளை மாத்தினா காரணம் எழுதணும். போனை எடுத்தான்னு எழுதுவீங்களா, மேகம்னு எழுதுவீங்களா?"

துறைத்தலைவர் கடைசியில் சொன்னதில் நீதி எதுவும் இல்லை, தற்காப்பு மட்டுமே இருந்தது. இவள் இருக்கலாம். தொலைபேசியை அருகில் இருப்பவர் எடுக்கலாம். ஆனால் பெட் இல்லை என்று சொல்ல வேண்டுமானால் தன்னிடம் கேட்டுவிட்டு, தன் பெயரைச் சொல்லித்தான் சொல்ல வேண்டும். இனி எதற்கும் தன்னைக் கேட்காமல் நடந்தது என்று ஆகக் கூடாது என்பதற்காகச் சொன்னார். ஆனால் அவரைக் கூப்பிட்டுக் கேட்க ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. கூப்பிட்ட ஒரே நாளில், "என் பேரையா சொல்லப்போறே?" என்று அவர் சீறியதில் அந்த நோயாளியும் உள்ளே வந்துவிட்டார்.

பிரிவு எல்லா நாளும் நிரம்பியது. இதற்காக அவளுக்கு யாரும் மாலை போடவில்லை. முன்பு அவளைப் பார்த்துச் சிரித்தவர்கள் இப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவள் சாப்பிட உட்காரும் மேசையில் இருந்து எழுந்துபோனார்கள். ஆள் கேட்டு எழுதிய மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள் மூன்றே பேர்: அவள், பெரிய சிஸ்டர், மூன்றாவதாக, பேசாமல் வந்து போட்டுவிட்டுப் போன தேன்குரல். மனுவுக்குப் பதில் வரவில்லை. அவள் இன்னொன்று எழுதினாள்.

அடுத்த ஆண்டு நேர்காணலில் அந்த ஆறு பேரில் ஒருத்திதான் வந்திருந்தாள். ஏன் இந்த ஊர் என்று கேட்டதற்கு, கடற்காற்று பிடிக்கும், நல்ல வாடகை வீடு கிடைக்கும், எல்லாரும் ஒரே குடும்பம் மாதிரி என்று நெட்டைப் பெண் ஒப்பித்தாள். துறைத்தலைவர் மனம் குளிர்ந்து அவளைத் தேர்ந்தெடுத்தார்.

முதல் நாள் ஷிஃப்டில் கருமேகம் அவளை மடக்கினாள். "என்னடி, கடற்காத்தா?"

"உண்மையைச் சொன்னா எடுக்க மாட்டாங்கக்கா."

"என்ன உண்மை?"

"அன்னைக்கு நீங்க போனைப் பிடுங்கினீங்கல்ல. சண்டை போட்டே வேலை செய்யற இடம் ஒண்ணு இருக்குன்னு அப்பதான் தெரிஞ்சுது. எங்க காலேஜ்ல எல்லாரும் ரொம்ப மரியாதையாதான் சாகவிடுவாங்க."

"சண்டை போடவா வந்தே?" கருமேகம் கையுறைப் பெட்டியை அவள் பக்கம் தள்ளினாள். "அதுக்கு நேரம் இருக்காது. மூணாவது தள்ளுவண்டில கை முறிஞ்ச ஆள் காலைலேர்ந்து கத்திட்டிருக்கான். போய் வலிக்கு ஊசி போடு. உன்னைத் திட்டுவான், வாங்கிக்கோ. அவன் திட்டறதுல நியாயம் இருக்கு."